இரண்டு பெடலும் ஒரே நேரத்தில்

பிரேக்கக்காவுக்குக் கோபமே வராது என்று சொல்லித் திரிகிறவர்கள் எல்லாரும் அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள். அவர்கள் கண்டது பாதிதான். அவளுக்குக் கோபம் நன்றாகவே வரும். வண்டிக்குள் காட்டமாட்டாள், அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் கத்தினால் ஓட்டுகிறவருக்குக் கால் உதறும், உதறுகிற கால் எதையாவது மிதித்துவைக்கும் என்பதை இருபது வருஷத்துக்கு மேல் பார்த்தவள் அவள். அதனால் வண்டியில் வந்த கோபத்தைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து பாத்திரங்களின் மேல் காட்டுவாள். இன்றைக்கு எவனோ சிக்னலில் அக்காவின் மானத்தை வாங்கிவிட்டான் என்று மாடிவீட்டுக்காரர்கள் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அவளுடைய வீட்டுக்காரர் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் பாதி தண்ணீரில், மீதி தூக்கத்தில். கைக்குழந்தையாக இருந்த மகளுக்குக் காய்ச்சல் வந்த ஒரு மழைநாளில் வாசலில் சும்மா நின்றிருந்த காரைப் பார்த்துக்கொண்டே வாடகை வண்டிக்குக் காத்திருந்தாள் அவள். எரிச்சல் பொங்கிக்கொண்டு வந்தது. மறுநாளே ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனாள். கற்றுக்கொடுத்த ஆள் வாய் ஓயாமல் திட்டினான். பொம்பளைங்களுக்கு இது வராது என்று நாலு பேர் கேட்கச் சொன்னான். இவனைவிட நான் நன்றாகச் சொல்லித்தருவேன் என்று அன்றைக்கு மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். சொன்னபடியே செய்தும் காட்டினாள். ஒரே கார், ஒரே ஆசிரியை, வீட்டின் முன்னறையில் ஒரு மேசை. அதுதான் அவளுடைய பள்ளி.

அந்தக் காரில் கியர் மாற்றுகிற தொல்லை இல்லை. ஓட்டுகிறவர் காலடியில் இரண்டே பெடல்கள், ஒன்று போக, ஒன்று நிற்க. பக்கத்து இருக்கையின் கீழே அக்காவுக்கென்று தனியாக இன்னொரு பிரேக். அவளுக்குப் பெயர் வந்தது அந்தப் பிரேக்கால்தான். பேசிக்கொண்டிருப்பாள், கைகளை மடியில் வைத்திருப்பாள், ஜன்னல் வழியாகக் கடைகளை வேடிக்கை பார்ப்பவள் போலக்கூடத் தெரியும். ஆனால் அவளுடைய கால் அந்தப் பெடலை விட்டு நகராது.

அவள் பாடம் ஆரம்பிக்கும் விதமே தனி. முதல் நாள் யாரையும் ரோட்டுக்குக் கூட்டிப்போகமாட்டாள். ஊருக்கு வெளியே ஒரு காலி மைதானத்துக்குப் போய், “இப்ப நீங்க தப்பு பண்ணப் போறீங்க” என்பாள். நிற்க வேண்டிய இடத்தில் பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொல்வாள். பலமாக, பயந்துபோன ஆள் மிதிக்கிற மாதிரி. வண்டி துள்ளும். உடனே அவள் தன் பிரேக்கை மிதிப்பாள். இரண்டு பெடலும் ஒரே நேரத்தில் அமுங்கியதும் காரின் கம்ப்யூட்டர் பிரேக்கின் பக்கம் சேர்ந்துகொள்ளும். எஞ்சினின் வேகத்தைத் தானாகவே வெட்டிவிடும். உறுமிய எஞ்சின் சட்டென்று முனகலாகிப்போகும். மாணவரின் கால் இன்னும் ஆக்சிலரேட்டரை நசுக்கிக்கொண்டுதான் இருக்கும், வண்டி மட்டும் சாதுவாக நின்றிருக்கும். “பாத்தீங்களா? நீங்க எதை மிதிச்சாலும் வண்டி நிக்கும். இனி பயப்படாம ஓட்டுங்க” என்பாள். தப்பு செய்யத் தெரியாதவனுக்கு ஓட்டத் தெரியாது என்பது அவளுடைய கணக்கு.

இப்போது மாப்பிள்ளைக்கு வருவோம். அவர் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் சொல்லப்போவதில் அவருக்கு நல்ல பெயர் மிஞ்சாது. ஏசி விற்கிற பெரிய கடையில் மேற்பார்வையாளர். பிரேக்கக்காவின் மகளைத் தாங்கு தாங்கென்று தாங்குகிறவர். ஆனால் அவருக்குக் கை சும்மா இருக்காது. எது ஓடிக்கொண்டிருந்தாலும் அதைத் திறந்து பார்க்க வேண்டும். அவர் வீட்டில் ஃபிரிட்ஜைத் திறந்தால் வாசல் மணி அடிக்கும், கேட்டால் அது ஒரு வசதி என்பார். துணி துவைக்கிற மெஷினைச் சரிசெய்கிறேன் என்று உட்கார்ந்தவர் மிச்சமான திருகுகளைக் கையில் வைத்துக்கொண்டு, கம்பெனிக்காரன் தேவையில்லாமல் நிறையப் போட்டுவிட்டான் என்றார். மகள் சிரித்தாள். பிரேக்கக்காவும் சிரித்துவைத்தாள். மாப்பிள்ளையிடம் வேறென்ன செய்ய முடியும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் சாப்பிட வந்திருந்தார்கள். காரில் வேகம் காட்டுகிற பலகையில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று முந்தினநாளிலிருந்து எரிந்துகொண்டிருந்தது. வழக்கமாகப் பார்க்கிற ஒர்க்ஷாப்பில் அடுத்த வாரம் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். பேச்சோடு பேச்சாக மகளிடம் அதைச் சொன்னாள் அவள். மாப்பிள்ளையின் கண்கள் பளிச்சென்று ஆகிவிட்டன.

“இதுக்குப் போயா ஒர்க்ஷாப் அத்தை? வண்டியிலயே லேப்டாப்பைச் செருகிப் பாத்துடலாம். நான் எதுக்கு இருக்கேன்?”

“வேணாம் மாப்பிள்ளை, உங்களுக்கு எதுக்குச் சிரமம்?”

“சிரமமா? எனக்குப் பொழுதே போகலை.”

இந்த இடத்தில் “வேண்டாம், என் வண்டியில் கை வைக்காதீங்க” என்று ஒரு மாமியார் சொல்லலாம்தான். சொல்லிவிட்டு, மகள் முகம் வாடுவதைப் பார்க்கலாம். மாப்பிள்ளை ‘பரவாயில்லை அத்தை’ என்று சொல்லிவிட்டுப் பரவாயில்லாத முகத்தோடு சாப்பிடுவதையும் பார்க்கலாம். போகட்டும், பார்க்கத்தானே போகிறார் என்று பிரேக்கக்கா சாவியைக் கொடுத்துவிட்டாள்.

பார்க்க மட்டும் செய்திருந்தால் ஒரு கேடும் இல்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற துளையில் ஒரு சின்ன பிளக்கைச் செருகினால், வண்டி தனக்கு என்ன நோவு என்று சொல்லும். அதைப் படிக்கிறது வேறு. உள்ளே புகுந்து வண்டியின் மூளையில் மாற்றி எழுதுகிறது வேறு. படிக்கிறவன் ஒன்றையும் கெடுப்பதில்லை. எழுதுகிறவன் தெரிந்து எழுத வேண்டும்.

மாப்பிள்ளை வைத்திருந்த மென்பொருள் எழுதக்கூடியது. ஏதோ ஒரு குழுவில் வண்டிப் பைத்தியங்கள் நாலைந்து பேர் ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து செய்துகொண்டிருக்கிற சோதனைப் பதிப்பு. செய்தவர்கள் யோக்கியர்கள். திறந்ததும் முதல் பக்கத்திலேயே சிவப்பு எழுத்தில் சொல்லியிருந்தார்கள்: இது இன்னும் சோதனையில்தான் இருக்கிறது, ரோட்டில் ஓடுகிற வண்டியில் இதை வைத்து எதையும் மாற்றாதீர்கள், மாற்றினால் அது உங்கள் பொறுப்பு. கீழே ஒரு சின்னக் கட்டம், ‘படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்’ என்று. மாப்பிள்ளை அந்தக் கட்டத்தில் ஒரு டிக் போட்டார். படித்தாரா என்று என்னைக் கேட்காதீர்கள். எழுதுவதற்கு முன் பழைய அமைப்பை நகல் எடுத்துவைத்துக்கொள்ளவா என்று அது கேட்டது. நேரமாகும் என்று அதையும் தள்ளிவிட்டார். நடுவில் திரை உறைந்துபோனது. பிளக்கைப் பிடுங்கி, வண்டியை அணைத்துப் போட்டு, மறுபடி செருகினார். எஞ்சின் ஓடியது. ஓடுகிறதே, அப்புறமென்ன!

மஞ்சள் விளக்கு அணைந்துவிட்டது. “முடிஞ்சுது அத்தை, இனிமே தொந்தரவே இருக்காது” என்று கை கழுவப் போனார். பிரேக்கக்கா சந்தோஷப்பட்டாள். ஒர்க்ஷாப்புக்குப் போன் செய்து, வரவில்லை என்றும் சொல்லிவிட்டாள்.

அந்த வாரம் அவளிடம் புது மாணவர் யாரும் சேரவில்லை. அதனால் மைதானத்துப் பக்கம் வண்டி போகவில்லை. இருந்தவர்கள் எல்லாரும் ரோட்டில் ஓட்டுகிற நிலைக்கு வந்துவிட்டவர்கள். அவர்களில் ஒருத்தி சலவைக்கடை அம்மா.

சலவைக்கடை அம்மாவுக்கு அக்காவைவிட நாலைந்து வயது கூட. லாட்ஜுகளுக்குப் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் வெளுத்துக் கொடுக்கிற கடை. துவைப்பது, தேய்ப்பது, மடிப்பது, கணக்குப் பார்ப்பது எல்லாம் அந்த அம்மா. மூட்டைகளை வண்டியில் கொண்டுபோய்ப் போடுவது மட்டும் அவருடைய கணவர். அந்த ஒரு வேலையை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் கடையையே தோளில் சுமக்கிறவர் மாதிரி பேசுவார். இப்போது அவருக்குக் கண்ணில் புரை. சாயங்காலமானால் லாரி எது, பஸ் எது என்று தெரிவதில்லை. “நான் கத்துக்கறேன்” என்று அந்த அம்மா சொன்னபோது கடையில் நின்றவர்களைப் பார்த்து, “கேட்டீங்களா, விமானம் ஓட்டப் போறாங்களாம்” என்று சிரித்தாராம். அந்தச் சிரிப்பைப் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்துக்கொண்டுதான் அந்த அம்மா ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார். ஆரம்பத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்தால் விரல்கள் வெளுத்துப்போகும். இப்போது ஒற்றைக் கையால் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பின்னால் ஹாரன் அடிக்கிறவனை முறைக்கிற அளவுக்கு வந்துவிட்டார். லைசென்ஸ் தேர்வுக்கும் பெயர் கொடுத்தாகிவிட்டது.

அந்த வாரத்தில் ஒரு நாள் காலையில் பஸ் நிறுத்தத்தை ஒட்டி மெதுவாக வந்துகொண்டிருந்தார்கள். பக்கத்துச் சந்திலிருந்து ஒரு ஸ்கூட்டர் குறுக்கே பாய்ந்தது. சலவைக்கடை அம்மா நிறுத்துவதற்காகக் காலை அழுத்தினார். கால் போய் விழுந்தது ஆக்சிலரேட்டரில். வண்டி நிற்காமல் துள்ளியதும், பிரேக்கை இன்னும் அழுத்த வேண்டும்போல என்று நினைத்து இன்னும் அழுத்தினார். பயந்த கால் அப்படித்தான் செய்யும். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

அக்காவின் கால் அதற்கு முன்பே இறங்கிவிட்டது. இறங்கிய கால் எஞ்சின் முனகலாகிவிடும் அந்த நொடிக்காகக் காத்திருந்தது. அது வரவில்லை. எஞ்சின் அவளுடைய காலுக்குக் கீழே உறுமிக்கொண்டே இருந்தது. பிரேக் ஒரு பக்கம் பிடிக்க, எஞ்சின் ஒரு பக்கம் இழுக்க, நின்றிருக்க வேண்டிய இடத்தில் வண்டி நிற்கவில்லை. தரையைத் தேய்த்துக்கொண்டே போனது. ஸ்கூட்டர்காரன் எப்படியோ தப்பிவிட்டான். கார் நடைபாதையில் ஏறி, பஸ் நிறுத்தத்து பெஞ்சை நெம்பிக்கொண்டு போய்ச் சுவரில் மோதி நின்றது.

பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பதற்காக அந்த பெஞ்சிலிருந்து ஒரு பெண் அப்போதுதான் எழுந்து நாலடி தள்ளிப் போயிருந்தாள். அவள் விட்டுவிட்டுப் போன பை காரின் அடியில் கிடந்தது. அதிலிருந்த முட்டைகள் உடைந்து ரோட்டில் வழிந்தன. அந்தப் பெண் பையையும் காரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சலவைக்கடை அம்மாவின் வலது மணிக்கட்டு உடைந்துபோயிருந்தது. கூட்டம் கூடிவிட்டது. கூட்டத்துக்குத் தீர்ப்புச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? “பெடலை மாத்தி மிதிச்சிட்டாங்க.” “இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்?” அந்த அம்மா தொங்குகிற கையைப் பிடித்துக்கொண்டு, “ஆமா, நான்தான், என் தப்புதான்” என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். முட்டைக்காரப் பெண்ணிடமும் போய்ச் சொன்னார்.

பிரேக்கக்கா ஒன்றும் சொல்லவில்லை. கோளாறு வண்டியில்தான் என்று அவளுக்கு அப்போதே தெரியும்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு உட்காரவைத்திருந்தபோது கணவர் வந்தார். கை எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. “நான் அப்பவே சொன்னேன்ல?” என்றார். அந்த அம்மா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிரேக்கக்கா ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

சாயங்காலம் மாப்பிள்ளையும் மகளும் ஓடிவந்தார்கள். உங்களுக்கு அடி ஒன்றும் இல்லையே, இல்லையே என்று மாப்பிள்ளை நாலு தடவை கேட்டார். நிஜமாகவே பதறிப்போயிருந்தார். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“மாப்பிள்ளை, அன்னிக்கு வண்டியில என்ன பண்ணீங்க?”

“விளக்கை அணைச்சேன் அத்தை.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணுமில்லை. உள்ள ஒரே குப்பையா இருந்தது. ரெண்டு பெடலும் ஒரே நேரத்துல அமுங்குதுன்னு ஒரே கோளாறு திரும்பத் திரும்பப் பதிவாயிருந்தது. எத்தனை தடவைங்கறீங்க! எந்த மனுஷன் ரெண்டையும் சேர்த்து மிதிப்பான்? சென்சார் போயிடுச்சு, வண்டி தப்பாச் சொல்லுதுன்னு நினைச்சேன். மாத்தினா உங்க பொறுப்புன்னு கேட்டுச்சு, டிக் போட்டு அதைக் கவனிக்கிறதையே நிறுத்திட்டேன்.”

பிரேக்கக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒவ்வொரு பதிவும் அவள் ஒருவரைக் காப்பாற்றிய தடவை. மைதானத்தில் வண்டி துள்ளிய துள்ளல்கள், சிக்னலில் தவறிய கால்கள், பள்ளிக்கூட வாசலில் ஒரு பையன் குறுக்கே ஓடியபோது அவள் மிதித்த மிதி. எந்த மனுஷன் இரண்டையும் சேர்த்து மிதிப்பான் என்கிறார்! ஒரு மனுஷன் இல்லை ஐயா, இரண்டு மனுஷர்கள். ஓட்டுகிறவர் ஒன்றை மிதிப்பார், சொல்லித்தருகிறவள் ஒன்றை மிதிப்பாள். ஓட்டுநர் பள்ளி வண்டி என்று மேலே பலகை மாட்டியிருக்கிறது. பக்கத்து இருக்கைக்குக் கீழே குனிந்து பார்த்தால் பெடல் தெரிகிறது. சாப்பாட்டு மேசைக்கு வந்து “அத்தை, இது என்ன?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்பதற்கு என்ன கேடு?

அவள் அதை எல்லாம் சொன்னாள், மாப்பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி அளந்து சொன்னாள். அவர் முகம் வெளுத்துப்போனது. பேசியபோது ஆள் மாறியிருந்தார்.

“ஆனா அத்தை, அந்தம்மா மாத்தி மிதிச்சாங்களா இல்லையா?”

“மிதிச்சாங்க.”

“அவங்களே ஒத்துக்கிட்டாங்க. ஊரே பாத்திருக்கு. நாம பொய் சொல்லப் போறதில்லை. கேக்காததை எதுக்கு நாமளா சொல்லணும்?”

மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவர் நல்லதுக்குத்தானேம்மா பண்ணினார். இது வெளிய தெரிஞ்சா அவர் மேலயும் கேஸ் வரும், உன் பள்ளியும் போயிடும். அந்தம்மாவுக்குக் கை சரியாயிடும்மா.”

பாருங்கள், எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது! இந்தக் கணக்கில் எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள். பழி மட்டும் ஒருத்தி தலையில். அந்த அம்மாவும் அதை வேண்டாம் என்று சொல்லவில்லையே. பிரேக்கக்கா அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. பாத்திரங்களின் மேலும் காட்டவில்லை. மாடிவீட்டுக்காரர்கள் என்னவோ ஏதோ என்று இறங்கிவந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

சலவைக்கடைப் பக்கம் போகாமல் சுற்றிப் போனாள். ஆனால் பேச்சு தேடிக்கொண்டு வந்தது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கணவர், “எங்க வீட்டு விமானி பஸ் ஸ்டாப்புல இறக்கிட்டாங்க” என்று சொல்லிச் சிரிக்கிறாராம். அந்த அம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசுவதில்லையாம். தேர்வுக்குக் கொடுத்த பெயரையும் திரும்ப வாங்கிவிட்டாராம். “என் கையில வண்டியைக் கொடுத்தா யாரையாவது கொன்னுடுவேன்” என்று அவரே சொன்னாராம். இதைக் கேட்ட நாளில் பிரேக்கக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளை மேல் வந்த ஆத்திரத்தைவிடத் தன்மேல் வந்த ஆத்திரம்தான் அவளைப் போட்டு வாட்டியது.

போக்குவரத்து அலுவலகத்திலிருந்து வண்டியைப் பார்க்க ஆய்வாளர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நசுங்கிய கார் வீட்டுக்குப் பக்கத்துக் காலி இடத்தில் நின்றிருந்தது. அவர் வரவேண்டிய அன்றைக்குக் காலை பால் வாங்கிக்கொண்டு திரும்பிய பிரேக்கக்கா காரின் கதவு திறந்திருப்பதைப் பார்த்தாள். உள்ளே மாப்பிள்ளை. மடியில் லேப்டாப். ஸ்டீயரிங்குக்குக் கீழே அதே பிளக்.

“என்ன பண்றீங்க?”

“ஒண்ணுமில்லை அத்தை. அதைப் பழையபடி ஆன் பண்ணிடறேன். அவர் வந்து பாத்தா எல்லாம் சரியா இருக்கும். யாருக்கும் கெடுதல் இல்லை. ஒரே நிமிஷம்.”

யாருக்கும் கெடுதல் இல்லையாம். அவளுக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறியது. தெரியாமல் செய்தது ஒன்று. தெரியாத்தனத்தை மன்னித்துக்கூட விடலாம். இது தெரிந்து செய்வது. வண்டி சரியாகத்தான் இருந்தது, ஓட்டியவள்தான் சரியில்லை என்று எழுதி முத்திரை குத்துவதற்கு இந்த ஒரு நிமிஷம் போதும். அப்புறம் அந்த அம்மா உயிரோடு இருக்கிறவரை ஸ்டீயரிங்கைத் தொடமாட்டார். அந்தக் கணவர் உயிரோடு இருக்கிறவரை சிரிப்பார்.

பால் பாக்கெட்டுகளைக் காரின் கூரைமேல் வைத்துவிட்டு, குனிந்து, அந்தப் பிளக்கை ஒயரோடு பிடுங்கினாள்.

“இறங்கு.”

மாப்பிள்ளை திகைத்துப்போய்ப் பார்த்தார். அவள் அவரை இப்படிக் கூப்பிட்டதே இல்லை.

“அத்தை—”

“இறங்குன்னு சொன்னேன். என்ன அத்தை? வாஷிங் மெஷின்னு நினைச்சியா? திருகு மிச்சமானா கையில வச்சுக்கிட்டுச் சிரிக்கிறதுக்கு? அந்த பெஞ்சுல ஒரு பொண்ணு உக்காந்திருந்தா. நாலடி. நாலடி தள்ளி நின்னா, அதனால இன்னிக்கு உயிரோட இருக்கா. நீ டிக் போட்டியே, என் பொறுப்புன்னு, அந்தப் பொறுப்பு எங்க? அதைக் கொண்டுபோய் ஒரு சலவைக்காரி தலையில வச்சுட்டு, இப்ப அழிக்கறதுக்கு வந்து நிக்கறே.”

“எனக்குத் தெரியாம நடந்துபோச்சு அத்தை. உங்க பொண்ணுக்காகத்தான்—”

“என் பொண்ணு பேரை எடுக்காதே. உனக்குத் தெரியாதுங்கறது எனக்குத் தெரியும். தெரியலைன்னா கேக்கணும். கேட்டாக் கவுரவம் போயிடுமா? நானும் ஒருத்தி, வேணாம்னு சொன்னா உன் முகம் சுருங்கிடும்னு சாவியைத் தூக்கிக் கொடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!”

எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. மாடிவீட்டுக்காரர்கள் இறங்கிவந்துவிட்டார்கள். வண்டிக்குள் ஒரு தடவைகூடக் குரல் உயர்த்தாதவள் வண்டிக்கு வெளியே நின்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார். நின்ற இடத்திலேயே நின்றார். ஓடிப்போகவில்லை, அந்த ஒன்றை அவர் கணக்கில் வைக்க வேண்டும்.

ஆய்வாளர் வந்ததும், அவர் கேட்பதற்கு முன்பே பிரேக்கக்கா எல்லாவற்றையும் சொன்னாள். பிளக்கைக் கையில் கொடுத்தாள். மாப்பிள்ளையும் தலையைக் குனிந்துகொண்டு, தான் மாற்றியது எது என்று சொன்னார். ஆய்வாளர் கொண்டுவந்திருந்த கருவியை மாட்டிப் பார்த்தார். இரண்டு பெடலையும் கவனிக்கிற கண்காணிப்பு அணைந்துதான் கிடந்தது. அதோடு நில்லாமல், ஏர்பேக் என்கிற காற்றுப்பைக்கான எச்சரிக்கை விளக்கும் செத்துக் கிடந்தது. அதை மாப்பிள்ளை தொடவே இல்லையாம். திரை உறைந்தபோது எது எது மாறியது என்று அவருக்கே தெரியாது, அந்த மென்பொருளைச் செய்தவர்களுக்கும் தெரிந்திருக்காது. ஆய்வாளர் வண்டிக்குச் சீல் வைத்தார். விசாரணை முடிகிறவரை பள்ளி நடத்தக் கூடாது என்றார். பாலைக் காய்ச்சக்கூட இல்லை, பிரேக்கக்கா நேரே சலவைக்கடைக்கு நடந்தாள்.

கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். கணவர் கல்லாவில். சலவைக்கடை அம்மா வலது கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு இடது கையால் தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், “வாங்க டீச்சர்” என்று எழுந்தார். அந்த ‘வாங்க’ அவளைக் குத்தியது.

உள்ளே போய்ப் பேசலாம் என்று அந்த அம்மா சொன்னதற்கு, வேண்டாம், இங்கேயே சொல்கிறேன் என்றாள். எல்லார் முன்னாலும் சொன்னாள். மாப்பிள்ளை வண்டியில் செய்தது, அதனால் எஞ்சின் அடங்காமல் போனது, தப்பாக மிதித்தாலும் நிற்க வேண்டிய வண்டி நிற்காமல் போனது, எல்லாம்.

கணவர் கண்களை இடுக்கிக்கொண்டு பார்த்தார். “அப்ப இவ பெடலை மாத்தி மிதிக்கலையா?”

“மிதிச்சாங்க. கத்துக்கறவங்க மிதிப்பாங்க. மிதிப்பாங்கன்னுதான் என் காலுக்குக் கீழ ஒரு பிரேக் இருக்கு. நின்னிருக்க வேண்டிய வண்டி அது. நிக்காம போனதுக்குக் காரணம் எங்க வீட்டு ஆளு, உங்க சம்சாரம் இல்லை. இனிமே இதைச் சொல்லிச் சிரிக்கிறதா இருந்தா என்னைச் சொல்லிச் சிரிங்க.”

சலவைக்கடை அம்மாவின் முகத்தில் ஒரு ஆறுதல் வரும், அழுவார், கையைப் பிடித்துக்கொள்வார் என்று பிரேக்கக்கா நினைத்திருந்தாள். அந்த அம்மா உறையைக் கீழே வைத்தார்.

“இது உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“அன்னிக்கே. மோதறதுக்கு முன்னாலயே கால்ல தெரிஞ்சுது.”

“ஆஸ்பத்திரியில எனக்குத் தண்ணி குடுத்தீங்களே. அப்பவும் தெரியும்?”

“தெரியும்.”

“நான் அழுதேன். அந்த முட்டைப் பொண்ணு கால்ல விழாத குறையா மன்னிப்புக் கேட்டேன். ராத்திரி கண்ணை மூடினா யாரையோ ஏத்திக் கொல்ற மாதிரியே வருது. நீங்க பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தீங்க. மாப்பிள்ளை கவுரவத்துக்காக.”

“ஆமா அக்கா.”

“அக்கான்னு சொல்லாதீங்க.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது பிரேக்கக்காவுக்கு. அந்த அம்மா கேட்டதில் ஒரு வார்த்தைகூட அதிகம் இல்லை.

கணவர் தொண்டையைச் செருமினார். “சரி விடு, நடந்தது நடந்துபோச்சு. எப்படியும் நீ இனிமே—”

“நீங்க சும்மா இருங்க!” என்று அந்த அம்மா திரும்பிப் போட்ட சத்தத்தில் தேய்ப்பு மேசையருகே நின்றிருந்தவர் ஒரு அடி பின்னால் போனார். “இனிமே என்ன? இனிமே என்னங்கறேன்? கட்டுப் பிரிச்சதும் நான் ஓட்டத்தான் போறேன். மறுபடி பேர் குடுக்கறேன். கண்ணு தெரியாத உங்களையும் பக்கத்துல உக்காரவச்சுக்கிட்டு லாட்ஜுக்கு லாட்ஜ் ஓட்டறேன், பாருங்க.”

பிரேக்கக்காவுக்கு மூச்சு வந்தது. தன்னை மறந்து ஒரு எட்டு முன்னால் வைத்தாள். “எனக்குப் பள்ளியை நிறுத்தி வச்சிருக்காங்க. திரும்பக் குடுத்ததும் முதல் பாடம் உங்களுக்குத்தான். எந்தக் குறையும் இல்லாம—”

“உங்ககிட்ட இல்லை” என்றார் சலவைக்கடை அம்மா.

முன்னால் வைத்த காலைப் பிரேக்கக்கா பின்னால் எடுத்துக்கொண்டாள்.

“வேற யார் நல்லா சொல்லித்தருவாங்க? அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க. இந்த ஊர்ல உங்களுக்குத் தெரியாத ஆளா?”

அவளுக்குத் தெரியும். ரயில் நிலையத்துக்கு எதிரில் ஒருவர் இருக்கிறார், நிதானமான ஆள், கண் வேறெங்கும் போகாது, கால் பெடலைவிட்டு அசையாது. தன் மாணவர்கள் யாரையும் அவரிடம் அனுப்பவேண்டிவரும் என்று அவள் நினைத்ததே இல்லை. சொன்னாள். எந்தத் தெரு, எந்த மாடி, காலையில் போனால்தான் பிடிக்க முடியும் என்பதையும் சொன்னாள்.

“வண்டியில வெளி ஆள் யாராவது கை வச்சாங்களான்னு முதல்ல கேளுங்க” என்றாள்.

“அதைக் கேக்காம இனிமே எந்த வண்டியிலயும் ஏறமாட்டேன்” என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா அடுத்த உறையை இடது கையால் இழுத்து மடிக்க ஆரம்பித்தார்.